கடற்கரை ஓய்வும் கணக்கில் வராத கூலியும்

உழைக்கும் மனிதனுக்கு ஓய்வு வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால் அந்த ஓய்வை எவருடைய தோளின்மீது சாய்ந்துகொண்டு நாம் அனுபவிக்கிறோம் என்று கேட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. அன்பிற்குரிய வாசகர்களே! சென்ற வாரம் புதுச்சேரிக் கடற்கரையில் மூன்று நாட்கள் தங்கியிருந்த நான், திரும்பும்போது இந்தக் கேள்வியை மனத்தில் சுமந்துகொண்டே வந்தேன். அதற்கான விடை வாணியம்பாடியில் என் வீட்டு வாசலிலேயே காத்திருந்தது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் ஓதிக்கொடுத்து வருபவன் நான். திருமண வீடு, மரண வீடு, மார்க்கக் கூட்டம், ஒருமுறை ஹஜ் என்பவை தவிர, ஓய்வுக்கென்றே ஓர் ஊருக்குப் போனதில்லை. ஆம்பூரில் கணக்கராகப் பணிபுரியும் என் மருமகன்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார். "மாமா! இரண்டு இரவு, மூன்று பகல். தங்குமிடம், மூன்று வேளை உணவு, மாலைத் தேநீர், படகுச் சவாரி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிவிடும். நீங்கள் பையில் கையை விடவே வேண்டியதில்லை" என்றார்.

முதலில் நான் தயங்கினேன். புதுவை என்றவுடனே மதுக்கடைகளை நினைக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. எனக்கும் அதுவே நினைவுக்கு வந்தது. மருமகனோ, எங்களுக்கு மீனும் காய்கறியும் போதும், மது பரிமாறும் இடத்திலிருந்து விலகியே இருப்போம் என்று விடுதியாரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவர்களும் அதனை மதித்து நடந்தனர். நன்மையைத் தேடிச் செல்பவனுக்கு எந்த ஊரிலும் நன்மைக்கு வழி இருக்கவே செய்கிறது.

அந்த மூன்று நாட்களும் இனிமையாகவே கழிந்தன என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். விடுதி நகருக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையை ஒட்டிய பகுதியில் இருந்தது. சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் படகேறி மணல்திட்டுக்குச் சென்றோம். பேரப்பிள்ளைகள் அலையைத் துரத்தினர்; அலை அவர்களைத் துரத்தியது. ஒருநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நகரக் கடற்கரைச் சாலையில் நடந்தோம். 1836-இல் விளக்கேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கத்தையும், காந்தியடிகள் சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களையும் பார்த்தோம். அத்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பர். பொழுது புலரும் வேளையில் கடலின் முன் நிற்கும் மனிதன், தன் அறிவும் செல்வமும் எவ்வளவு சிறியவை என்பதைச் சொல்லாமலே உணர்ந்துகொள்கிறான்.

எல்லாவற்றிலும் என் நெஞ்சில் தைத்தது என் மனைவி சொன்ன ஒரு சொல். இரண்டாம் நாள் காலை, மேசைமேல் இட்லியும் தேநீரும் தாமாகவே வந்து சேர்ந்தபோது, "நேற்றிலிருந்து நான் அடுப்பைப் பார்க்கவில்லை. எனக்கு இதுதான் கடல்" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சொல்லின் கனம் அப்போது எனக்கு விளங்கவில்லை.

தட்டை ஏந்திய தம்பி

தேநீர் கொண்டுவந்த தம்பிக்கு இருபது வயதிருக்கலாம். கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பிள்ளை. முதல்நாள் இரவு பத்து மணிக்குத் தட்டுகளை எடுத்துச் சென்றவனும் அவனே; மறுநாள் விடியற்காலை நான் ஒளூவுக்கு எழுந்தபோது வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தவனும் அவனே. "தம்பி! எப்போது உறங்குவாய்?" என்று கேட்டேன். "கூட்டம் குறைந்ததும் உறங்கிக்கொள்வேன், பாய்" என்றான். வாரத்தில் ஒருநாள் விடுப்பு இல்லையா என்றதற்கு, "இருக்கிறது பாய். ஆனால் சனி, ஞாயிறு, பண்டிகை என்று வந்தால் தள்ளிப்போகும்" என்றான். "கடலில் குளித்திருக்கிறாயா?" என்று கேட்டபோதுதான் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. "வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது பாய். கண்ணால் பார்ப்பதோடு சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை ஏந்திச் சென்றுவிட்டான்.

அவன் குறை கூறவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அந்த விடுதியைக் குற்றம் சொல்வதற்காக நான் இதை எழுதவுமில்லை. இதுபோன்ற பிள்ளைகள் எல்லாக் கடற்கரைகளிலும், எல்லா மலைவாசத் தலங்களிலும் இருக்கிறார்கள். எல்லாம் அடங்கிய கட்டணம் என்றாரே மருமகன், அதில் இவனுடைய உறக்கமும் அடங்கியிருக்கிறதா என்ற ஐயம் மட்டும் என்னைப் பற்றிக்கொண்டது.

புதுவை ஈன்ற உரிமை

அன்று நண்பகல் நகருக்குள் சென்றபோது, முதலியார்பேட்டையில் கடலூர்ச் சாலையோரம் ஒரு நீண்ட ஆலைச் சுவரைக் கடந்தோம். ரோடியர் ஆலை என்று மக்கள் அழைத்துவந்த ஆங்கிலோ பிரெஞ்சு நூற்பாலை அது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்ட அந்த ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அந்தச் சுவரைக் கண்டதும், ஓய்வுக்காக நாம் தேடிவரும் இந்த ஊரே ஓய்வுக்காக இரத்தம் சிந்திய ஊராயிற்றே என்ற நினைவு எழுந்தது.

அந்த வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1936-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரான்சு நாட்டில் லெயோன் புளூம் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சி அமைந்தது. ஆலைகளில் தொழிலாளர் பெருந்திரளாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த காலம் அது. அம்மாதமே வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்றும், ஆண்டுக்கு இரண்டு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுமுறை என்றும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அக்கோடையில் தொழிலாளருக்கு இரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு சலுகையும் அளிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஆலைப் புகையையே கண்ட எத்தனையோ குடும்பங்கள் அவ்வாண்டில்தான் முதன்முதலாகக் கடலைக் கண்டன. அதே ஜூன் மாதம் ஜெனிவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடும், ஓராண்டு உழைத்தவனுக்குக் குறைந்தது ஆறு வேலைநாட்கள் ஊதிய விடுமுறை தரப்பட வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது.

பிரான்சின் தொழிலாளிக்கு ஓய்வு கிடைத்த அதே வேளையில், அதே பிரெஞ்சுக் கொடியின்கீழ் வாழ்ந்த புதுவைத் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது? எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ. சுப்பையா அவர்கள் அப்போராட்டத்தை முன்னின்று நடத்தினார். 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பாரிசு நகரமும் வாய் மூடி இருக்க இயலவில்லை. 1937-இல் பிரெஞ்சிந்தியத் தொழிலாளருக்கென ஆணை பிறந்தது. எட்டு மணி நேர வேலைக்கும் அதனால் வழி ஏற்பட்டது. ஆசியாவிலேயே இவ்வுரிமையை முதலில் பெற்றது தம் ஊர்தான் என்று புதுவை மக்கள் இன்றும் பெருமிதத்தோடு கூறுவர். ஆண்டுதோறும் ஜூலை 30 அன்று அத்தியாகிகளை அவர்கள் நினைவுகூர்கின்றனர்.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தங்குமிடம், உணவு, விளையாட்டு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் அடக்கும் முறையை உலகில் பரப்பியதில், 1950-இல் ஜெரார் பிளிட்சு என்பவர் ஸ்பெயின் நாட்டு மயோர்க்காத் தீவின் கடற்கரையில் கூடாரங்கள் அமைத்துத் தொடங்கிய கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. பெரும் போரினால் களைத்த மக்கள் சில நாட்கள் பணக் கவலையின்றிக் கடலருகே இருக்கட்டும் என்பதே தொடக்கம். ஊதியத்தோடு விடுமுறை என்ற உரிமை 1936-இல் பிறந்திராவிட்டால், 1950-இல் அந்தக் கூடாரங்களை நிரப்ப மக்கள் வந்திருப்பார்களா? தொழிலாளி போராடிப் பெற்ற விடுமுறையே பின்னர் வணிகர் விற்கும் விடுமுறையாயிற்று. இன்று அதனை விலை கொடுத்து வாங்கும் நாம், அதன் வேரை மறந்துவிட்டோம்.

கடற்கரையும் இப்படி ஒரு பாடத்தைச் சொல்கிறது. 1980-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துவரும் மணல் அச்சுவர்களால் தடைப்பட்டது. நகரத்தின் முன்னிருந்த மணற்பரப்பு தேய்ந்து மறைந்தது. பாறைகளைக் கொட்டி அலையைத் தடுக்க வேண்டியதாயிற்று. மண்ணரிப்பு வடக்கே இருந்த மீனவர் குப்பங்களையும் தாக்கியது. 2018-இல் கடலடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்த பின்னரே நகரின் ஒரு பகுதியில் மீண்டும் மணல் சேர்ந்தது. ஓரிடத்தில் நமக்கு வசதி ஏற்படும்போது, அதற்கான இழப்பு வேறோரிடத்தில் வேறொருவர் தலையில் இறங்குகிறது. மணலுக்குப் பொருந்தும் இவ்விதி மனிதர் உழைப்புக்கும் பொருந்தும்.

வாசலில் நின்றவள்

வியாழனன்று புறப்பட்டு, திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாக மாலையில் வாணியம்பாடி வந்து சேர்ந்தோம். வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்குமுன்பே என் மனைவி சமையலறைக்குள் சென்றுவிட்டார். பேரப்பிள்ளைகளுக்குப் பால் காய்ச்ச வேண்டும். எனக்குத் தேநீர் வேண்டும். மணல் ஒட்டிய துணிகள் ஒரு கூடை. நானோ திண்ணையில் சாய்ந்து, கடற்காற்றை மருமகனிடம் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண் வந்து நின்றாள். நாங்கள் வந்த ஓசை கேட்டு வந்திருக்கிறாள். "பாயம்மா! மூன்று நாள் வரவேண்டாம் என்றீர்கள். நாளையிலிருந்து வரலாமா?" என்று கேட்டாள். பிறகு தயங்கி, தாழ்ந்த குரலில், "அந்த மூன்று நாளைப் பிடித்துவிடாதீர்கள் அம்மா. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கட்டணம் கட்ட வேண்டும்" என்றாள்.

வாசகர்களே! அவள் ஏன் அப்படிக் கேட்டாள் தெரியுமா? ஊருக்குப் புறப்படும் அன்று, "இம்மாதக் கூலியில் மூன்று நாளைக் குறைத்துக்கொள்" என்று என் மனைவியிடம் சொன்னவன் நான்தான். வாசலில் நின்ற அவள் காதில் அது விழுந்திருக்கிறது. எங்கள் தெருவில் அதுவே வழக்கம். அதனால் அது தவறென்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலைக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நாங்கள் கடலைப் பார்க்கப் போனோம். அதனால் அவளுக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் கூலி இல்லை. எங்கள் விடுமுறைக்கான கட்டணத்தில் ஒரு பங்கை, கடலைப் பார்க்காத அந்தப் பெண் செலுத்தவிருந்தாள்.

விடுதித் தம்பியின் உறக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட எனக்கு, என் வீட்டுப் பெண்ணின் கூலி கண்ணில் படவில்லை. ரோடியர் ஆலைச் சுவரைப் பார்த்து வரலாறு பேசிய வாய்தான் கூலியைப் பிடிக்கவும் சொன்னது. தூரத்து அநீதி நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. நம் கைப்பட நிகழ்வது மட்டும் வழக்கம் என்ற பெயரில் மறைந்துவிடுகிறது. முழுக்கூலியையும் அவளிடம் அப்போதே கொடுத்தோம். அவள் நன்றி கூறியபோது எனக்கு நாணமே மேலிட்டது. அவளுக்கு உரியதைத் தந்ததற்கு நன்றி எதற்கு?

மார்க்கம் காட்டும் வழி

பயணத்தின் சிரமத்தை உணர்ந்து, பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளவும் நோன்பைப் பிற்படுத்திக்கொள்ளவும் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதை அது மறுப்பதில்லை. அபூதர்தா (ரலி) அவர்கள் இரவெல்லாம் வணக்கத்திலும் பகலெல்லாம் நோன்பிலும் மூழ்கி, தம் மனைவியையும் கவனியாதிருந்தபோது, விருந்தினராக வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் அவரைத் தடுத்து, இறைவனுக்கும் உடலுக்கும் வீட்டாருக்கும் உரிய கடமைகளை ஒவ்வொன்றாக நினைவூட்டிய நிகழ்ச்சியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஸல்மானின் சொல்லையே சரியென்றார்கள். அந்நிகழ்ச்சியை எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். உடலின் உரிமையை விளக்கிச் சொன்ன நான், அதில் வரும் மனைவியின் உரிமையை என் வீட்டு அடுப்படியோடு பொருத்திப் பார்த்ததில்லை.

அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதிலிருந்து பத்து ஆண்டுகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தவர்கள். அக்காலமெல்லாம் ஒரு சலிப்புச் சொல்லைக்கூடத் தாம் கேட்டதில்லை என்று அவர்களே சாட்சியம் அளித்துள்ளார்கள். உழைத்தவனுக்குரிய கூலியைத் தாமதமின்றிக் கொடுப்பதும், அவன் சக்திக்கு மீறிய வேலையை அவன்மீது சுமத்தாதிருப்பதும், சுமத்த நேர்ந்தால் நாமும் கைகொடுப்பதும் நம்மீது கடமையாக்கப்பட்டுள்ளன. பயணம் போன காரியம் முடிந்ததும் தாமதியாமல் வீட்டாரிடம் திரும்பிவிட வேண்டும் என்பதும் நபிவழியே. வீட்டாருக்கு நம்மீதுள்ள உரிமை பயணத்தால் குறைவதில்லை. திரும்பி வந்ததும் அதைத்தான் முதலில் நிறைவேற்ற வேண்டும்.

உலகச் சட்டங்களும் இதே திசையில்தான் நடந்திருக்கின்றன. 1942-லேயே கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்குமாக வார விடுமுறைச் சட்டம் நம் நாட்டில் இயற்றப்பட்டது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இருபது நாள் உழைப்புக்கு ஒருநாள் என்று ஊதிய விடுப்பை வகுத்தது. அதே ஆண்டில் வெளியான உலக மனித உரிமைப் பிரகடனம், ஓய்வையும் ஊதிய விடுமுறையையும் மனிதப் பிறவியின் உரிமை என்றது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளருக்கென நலவாரியம் அமைந்தது. கடை ஊழியர் நாள் முழுதும் நின்றுகொண்டிராமல் அமர்வதற்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழகச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வீட்டுப் பணியாளருக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று 2011-இல் ஜெனிவா உடன்படிக்கை கூறியது. ஆயினும் எந்த அதிகாரியும் நம் சமையலறைக்குள் வந்து வருகைப் பதிவேட்டைப் பார்க்கப் போவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் நம் மனச்சாட்சிதான் நிற்க வேண்டும்.

ஆதலின், விடுமுறையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வாய்ப்புள்ளவர்கள் போய் வாருங்கள். வாய்ப்பில்லாதவர்கள் ஒரு மாலைப் பொழுதாவது குடும்பத்தோடு அருகிலுள்ள ஆற்றங்கரைக்கோ தோப்புக்கோ சென்று வாருங்கள். புறப்படுமுன், நாம் இல்லாத நாட்களுக்கான கூலியை வீட்டில் பணிபுரிவோருக்கு முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். தங்குமிடத்தில் பணிசெய்யும் பிள்ளைகளை இரவு நேரம் கடந்து தேநீருக்கும் வெந்நீருக்கும் எழுப்பாதீர்கள். பெயர் கேட்டு அழையுங்கள். அன்பளிப்பை அவர்கள் கையிலேயே கொடுங்கள். கடையோ தொழிலோ நடத்துபவராயின், உங்களிடம் பணிபுரியும் இளைஞன் ஊதியத்தோடு கடைசியாக எந்த நாளில் ஊருக்குச் சென்று தாயைப் பார்த்தான் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்த அன்று, இல்லத்தரசியை அடுப்பங்கரைக்கு அனுப்பிவிட்டுத் திண்ணையில் சாயாதீர்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் எனக்கே நான் சொல்லிக்கொண்டது. வெள்ளிக்கிழமை காலை, ஜும்ஆவுக்குக் குளிக்குமுன், மணல் ஒட்டிய துணிகளை நானே வாளியில் ஊறவைத்துத் துவைத்தேன். பழக்கமில்லாத கை, சோப்பு அதிகமாகிவிட்டது. என் மனைவி நின்று பார்த்து, "புதுவையில் இதையும் சொல்லிக்கொடுத்தார்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாரத்தில் ஒருநாள் அடுப்பை நான் பார்த்துக்கொள்வது என்றும், பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு அதே நாளில் கூலி குறையாத விடுப்பு என்றும் முடிவு செய்திருக்கிறோம். அன்று என் கைச் சமையலை உண்பவர்கள் பொறுமையைக் கைக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கும் அவர்களுக்கு நற்கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்!

கள்ளக்குறிச்சித் தம்பி விரைவில் ஒருநாளேனும் அந்தக் கடலில் கால் நனைக்கட்டும். நம்மை ஓய்வெடுக்க வைப்பவர்களையும் ஓய்வெடுக்க வைக்கும் நல்லுள்ளத்தை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!